மூன்றாவது வரியில் ஒட்டிய அம்பு

என் குத்தெதிர்க் கோணமே, தினா,

ஆம்பூர் வாழ் பெருமக்களுக்கும், பதினோராம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மேலே போய்விட்ட மாணவர் ஒருவருக்கும் இதனால் சகல மரியாதையுடன் அறிவிப்பது என்னவென்றால்: நம் கடைசி பெஞ்சின் இடது பின்னங்கால், நெடுநாள் ஆட்டத்துக்குப் பிறகு, சென்ற செவ்வாய்க்கிழமை இரண்டாம் பாடவேளையில் முறிந்து விழுந்தது. உயிர்ச்சேதம் ஏதும் இல்லை. உட்கார்ந்திருந்தது நான் ஒருவன்தான். ஒரே பக்கம் பாரம் ஏறினால் அப்படித்தான் ஆகும் என்று ஆசாரி சொன்னார்.

வகுப்பே சிரித்தது. நானும் வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். சத்தம் வரவில்லை.

நீ போன இந்த ஏழு வாரமும் இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட வாய் எப்படி இருக்கும், கடித்தாலும் தெரியாது, எச்சில் வழிந்தாலும் தெரியாது, அது உடம்பு முழுக்க இருக்கிறது. அழுதாயா என்று கேட்காதே. உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று உங்க சித்தப்பா என் முதுகைத் தட்டி, "அழுதுடு கண்ணு" என்றார். அவர் சட்டைப் பொத்தான்கள் சம தூரத்தில் தைக்கப்படவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

சரி, பெரிய செய்திக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் பணம் கட்டிப் பேர் கொடுத்திருந்தோமே, வேலூர்ப் போட்டி, அதற்குப் போனேன். நாலாவது கணக்கு வடிவியல். அதை முழுதாகப் போட்டுவிட்டேன். நம் பள்ளியிலிருந்து போன ஆறு பேரில் அதைத் தொட்டவன் நான் ஒருவன்தான். கணக்கு சார் வகுப்பில் என்னை எழுப்பி நிற்க வைத்தார். கைதட்டல் பலமாகவே இருந்தது. உனக்குக் கேட்டதா?

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. உங்க அம்மா என்னிடம் ஒன்று கேட்டிருக்கிறார். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. உன் நோட்டின் கடைசிக் கணக்கில் என்ன தப்பு என்று கேட்கிறார்.

ஓரமாக நின்று இதைப் படிப்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், பொறுத்துக்கொள். தினாவின் அம்மா ஷூ கம்பெனியில் செக்கிங் டேபிளில் வேலை பார்க்கிறார். தைத்து வரும் ஒவ்வொரு பீசையும் டியூப்லைட் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். தையல் ஒன்று தாண்டியிருந்தால், தோலில் கீறல் இருந்தால், அந்த இடத்தைக் காட்டுவது மாதிரி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். பீசு ரிப்பேருக்குப் போய்த் திரும்பி வரும். அங்கே இரண்டு சட்டம். அம்பு ஒட்டியவர், கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். சரியான பிறகு ஒட்டியவர்தான் அதை உரிக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது.

ஒன்பதாம் வகுப்பில் நீ அந்த ஸ்டிக்கர் பட்டை ஒன்றை வீட்டிலிருந்து கொண்டுவந்தாய். அன்றிலிருந்து நம் நோட்டுகளுக்கும் அதே சட்டம். நான் போட்டதை நீ பார்ப்பாய், நீ போட்டதை நான் பார்ப்பேன். எந்த வரியில் நிரூபணம் ஓட்டையோ அந்த வரியில் அம்பு.

முதல் அம்பு எனக்குத்தான் விழுந்தது. ஏதோ ஒரு முக்கோணம் என்றுதான் கணக்கில் இருந்தது. நான் அழகாக இருக்கட்டும் என்று இரண்டு பக்கமும் சமமாக வரைந்துவிட்டு, படத்தில் தெரிந்ததை எல்லாம் உண்மை என்று எழுதி வைத்திருந்தேன். நீ அம்பை ஒட்டிவிட்டுச் சொன்னாய்: "உன் முக்கோணம் ரொம்ப நல்ல புள்ளடா. நீ இன்னா சொன்னாலும் தலையாட்டுது. கொஞ்சம் அடங்காத முக்கோணமா வரைஞ்சு பாரு, அப்பத் தெரியும்."

என் நோட்டு அம்மை போட்ட மாதிரி சிவந்து கிடந்தது. உன் நோட்டில் என் அம்பு ஒன்றுகூட நின்றதில்லை. ஒட்டுவேன், நீ காரணம் கேட்பாய், நான் திருதிருவென்று விழித்து நானே உரிப்பேன். மூன்று வாரம் மூத்தவன் என்ற திமிரில், "அண்ணான்னு கூப்புடு, கத்துக்குடுக்கறேன்" என்பாய். ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

கடைசிக் கணக்கு நினைவிருக்கிறதா? இது என்ன கேள்வி, உனக்கா மறக்கும். பழைய வினாத்தாள் ஜெராக்ஸ் கட்டில் கிடந்தது. ABC என்று ஒரு முக்கோணம். மூன்று கோணங்களையும் பாதியாக வெட்டும் கோடுகள் சந்திக்கும் புள்ளி I. இப்போது B, C, I மூன்றையும் தொட்டுப் போகும் ஒரு வட்டம். அந்த வட்டத்தின் மையம், A, B, C வழியாகப் போகும் வட்டத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது என்று நிறுவ வேண்டும். பெரிய புத்தகங்களில் இதற்குப் பெயரே உண்டாம். நமக்கு அப்போது தெரியாது. நான்கு நாள் முட்டினோம்.

நான்காம் நாள் சாப்பாட்டு வேளையில் எனக்கு அலுத்துவிட்டது. A-இல் இருந்த கோணத்தைப் பாதியாக்கும் கோட்டை விரலால் தடவிக்கொண்டே, "பாத்துக்கோ, A-லருந்து அரக்கோணம் வண்டி கெளம்புது" என்றேன்.

"பேஜார் பண்ணாதடா."

"I-ல ஒரு நிமிஷம் நிக்கும். நேரா போயி ABC வட்டத்துல இடிச்சா கடைசி ஸ்டேஷன். எல்லாரும் எறங்குங்க."

நீ தயிர்சாதக் கையோடு நிமிர்ந்தாய். "அந்தக் கடைசி ஸ்டேஷனுக்கு இன்னா பேரு வெக்கலாம்?"

"M."

"தோஸ்த்! அதாண்டா மையம்!"

கையைக்கூடக் கழுவாமல் எழுதினாய். ஐந்து வரி. நோட்டை என் பக்கம் தள்ளி, "செக் பண்ணி வை, நாளைக்கு வாங்கிக்கறேன்" என்றாய். மறுநாள் நீ வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். சாயங்காலம் நோட்டை உன் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். மூன்றாவது வரியில் அம்பு இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை வந்தேன். இரண்டாவது தடவை வியாழக்கிழமை. உன் வலது கையில் குளுக்கோஸ் ஊசி. நீ இடது கையால் படம் வரைந்துகொண்டிருந்தாய். வட்டம் முட்டை மாதிரி வந்திருந்தது.

"மூணாவது வரில இன்னாடா தப்பு?"

"நீயே கண்டுபுடி. பெரிய ஆளாச்சே."

"MB-யும் MI-யும் சமம்னு எழுதிக்கீறேன். ரெண்டு கோணமும் சமமா வருதே. எத்தினி தடவ போட்டாலும் சமமாத்தான்டா வருது."

"வரும், வரும். நல்லாப் பாரு."

"அண்ணன் கேக்கறேன், சொல்லு."

"மூணு வாரத்துக்கெல்லாம் அண்ணன் கெடையாது. ஞாயித்துக்கெழம வந்து சொல்றேன்."

உங்க அம்மா ஆரஞ்சு உரித்துக்கொண்டே சிரித்தார். "டேய் எபி, அம்பு ஒட்டினா காரணம் சொல்லணும்டா. எங்க டேபிளா இருந்தா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"ஞாயித்துக்கெழம சொல்றேம்மா" என்று அவரிடமும் சொன்னேன்.

நீ சனிக்கிழமை காலையில் போய்விட்டாய்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருந்தேன். எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உங்க அம்மா என்னை உள்ளே கூப்பிட்டு அலமாரியிலிருந்து அந்த நோட்டை எடுத்தார். அம்பு ஒட்டியபடி இருந்தது. அதன் ஓரம் மட்டும் கொஞ்சம் அழுக்காக இருந்தது. உன் விரல் அங்கேயே இருந்திருக்கும்.

"இதுல இன்னா ரிப்பேர், எபி?" என்றார். "கடைசி வரைக்கும் இதையேதான் பாத்துக்னு இருந்தான். தூக்கத்துலகூட மூணாவது வரின்னான். எனக்குக் கணக்குத் தெரியாது. அம்பு தெரியும். பதினாலு வருஷத்துல அம்போட ஒரு பீசை நான் பெட்டில வெச்சதில்ல. என்னான்னு சொல்லி நீயே சரி பண்ணிக் குடு. அப்பறம் இத மூடி வெக்கறேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ரொம்ப நுணுக்கமான தப்பும்மா. விளக்க நேரம் ஆகும். போட்டி முடியட்டும், வர்றேன்." நாக்கு தானாகப் பேசியது. மரத்துப்போன நாக்குக்கு இதெல்லாம் சுலபம். பள்ளியில் யாராவது உன் கடைசிக் கணக்கைப் பற்றிக் கேட்டாலும், "நான்தான் தப்பு கண்டுபுடிச்சேன், அவனே ஒத்துக்கிட்டான்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். இரண்டு மூன்று முறை சொன்ன பிறகு எனக்கே அது பழகிவிட்டது.

போட்டிக்கு வருகிறேன். வேலூரில் ஒரு கல்லூரிக் கூடம். உன் நுழைவுச்சீட்டும் வந்திருந்ததால் உன் எண்ணை என் பக்கத்து மேசையில் சாக்பீஸால் எழுதியிருந்தார்கள். வினாத்தாளையும் வைத்துவிட்டுப் போனார்கள். ஜன்னல் காற்றில் அது பறக்கப் பார்த்தது. நான் என் அளவுகோலை எடுத்து அதன் மேல் வைத்தேன். நேரம் முடிந்ததும் அவர்கள் வந்து எடுத்துக்கொண்டார்கள். அளவுகோலைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

நாலாவது கணக்கைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வேறு சட்டை போட்டுக்கொண்டு அதே I, அதே B, அதே C. அரக்கோணம் வண்டியை விட்டேன். M வந்தது. மிச்சமெல்லாம் கை எழுதிக்கொண்டே போனது. வெளியே வந்ததும் சார் கேட்டார், "எப்படிடா பிடிச்ச?" நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொன்னேன்: "தானா தோணுச்சு சார்."

போட்டி முடிந்ததும் லாங் பஜார் போய் ஆளுக்கொரு நல்ல காம்பஸ் வாங்கலாம் என்றாயே. போனேன். கைவண்டிக்காரர் ஒருவர் என் காலில் சக்கரத்தை ஏற்றிவிட்டு அவரே என்னைத் திட்டினார். கடைக்காரர், "ஒண்ணா ரெண்டா?" என்றார். ரெண்டு என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. இரண்டாவது இன்னும் பிரிக்காமல் பையில் இருக்கிறது.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். எழுதும்போதே காது சூடாகிறது, ஏழு வாரத்தில் உடம்பில் எனக்குத் தெரிந்த முதல் சூடு இதுதான்.

எனக்குத் தானாக ஒன்றும் தோன்றவில்லை, தினா. வேலூரில் நான் எழுதியது உன் மூன்றாவது வரி. B-இல் இருக்கிற கோணம், A-இன் பாதியும் B-இன் பாதியும் சேர்ந்தது. I-இல் இருக்கிற வெளிக்கோணமும் அதே இரண்டு பாதிகள். இரண்டும் சமம், அதனால் MB-யும் MI-யும் சமம். நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இடது கையால் அந்த முட்டை வட்டத்துக்குள் போட்டுக் காட்டியது அப்படியே கண்ணுக்குள் இருந்தது. அதைப் பார்த்து எழுதினேன். என்னுடையது அந்த வண்டி ஜோக் மட்டும்தான்.

உன் மூன்றாவது வரியில் தப்பே இல்லை. அது இல்லாமல் அந்தக் கணக்கே இல்லை.

அம்பு எப்படி வந்தது என்று கேட்பாய். அன்றைக்கு நான் உன் நோட்டைப் படிக்கவே இல்லை. திறந்தேன், ஐந்து வரி இருந்தது, நடுவில் ஒட்டினால் நம்புவாய் என்று மூன்றாவதில் ஒட்டினேன். என் அம்பு ஒரு தடவையாவது உன் நோட்டில் நாலு நாள் நிற்கட்டும் என்று ஆசை. "ஒண்ணும் தப்பில்லடா, சும்மா ஒட்டினேன்" என்று ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டு, நீ தலையணையை என் மேல் எறிவதைப் பார்க்கலாம் என்று இருந்தேன். அவ்வளவுதான் திட்டம். சோதித்தவன், கண்டுபிடித்தவன், கைதட்டல் வாங்கியவன் என்று நான் சொன்ன எபியின் லட்சணம் இது.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்க அம்மாவுக்கு லீவு. காலையில் போகிறேன். தரையில் சாக்பீஸால் பெரிதாகப் படம் வரைந்து, உன் ஐந்து வரியையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, ரிப்பேர் உன் கணக்கில் இல்லை, ஒட்டியவனிடம் இருந்தது என்று சொல்வேன். பிறகு அவர் கண்ணெதிரே என் கையாலேயே அம்பை உரிப்பேன். காகிதம் கிழியாமல் உரிக்க என் நோட்டில் பழகிக்கொண்டிருக்கிறேன், இதுவரை இரண்டு பக்கம் கிழிந்திருக்கிறது. அவர் அடித்தால் அடிக்கட்டும். திங்கட்கிழமை இந்தக் கடிதத்தை வகுப்புச் சுவர்ப் பத்திரிகையில் ஒட்டிவிட்டு, சாரிடம் போய் அந்தக் கைதட்டல் யாருடையது என்றும் சொல்லிவிடுவேன். சத்தியமாக, அண்ணா.

மூன்று வாரம் சின்னவன்,
உன் தம்பி
எபி