அனுபவம் இல்லை என்று எழுதியவளுக்கு

ஐப்பசி 4, செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் இளவேனிலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடலளவில் நலமாக இருக்கிறோம். ஹெல்சிங்கியின் குளிர் உன் நெஞ்சில் தங்காமல் நீயும் நலமாக இருக்கிறாய் என்பதே நாங்கள் முதலில் அறிய விரும்பும் செய்தி. என் வலக்காலின் மாவுக்கட்டைப் போன வாரம் பிரித்துவிட்டார்கள். கால் மெலிந்து வேறொருவருடையதைப்போல இருக்கிறது, ஊன்றுகோலுடன் வாசல்வரை நடக்கிறேன். வேம்பு அத்தையின் மகளுக்குத் திருவாரூரில் நர்சிங் படிக்க இடம் கிடைத்திருக்கிறது, நீ ஒரு வார்த்தை பேசினால் அந்தப் பெண் மகிழ்வாள். போனில் சொல்லவேண்டியதை ஏன் தாளில் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் நீ "சரிப்பா" என்பாய், அந்தச் சரிப்பாவை எந்த அதிகாரியும் கோப்பில் சேர்ப்பதில்லை. உன் தாத்தா காத்தான் உன் பெயருக்கு எழுதிவைத்த ஒரு ஏக்கர் நிலம் நம்மிடம் நிற்குமா போகுமா என்பது நவம்பர் 27ஆம் தேதி முடிவாகப் போகிறது. அதற்காகவே கூரியரில் இந்தக் கடிதமும் இதனுடன் இரண்டு தாள்களும் வருகின்றன. அவற்றுக்கு வருமுன், நீ என்னிடம் கேட்ட வேறொரு காரியத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் இரண்டும் ஒரே காரியம்தான் என்று எனக்கு இப்போது தெரிகிறது.

உன் நிறுவனத்தின் போன் ஆட்டத்தை விளையாடிப் பார்த்து, நீ செய்த தமிழாக்கம் எப்படி இருக்கிறது என்று சொல்லும்படி கேட்டிருந்தாய். ஆறு வாரம் கட்டிலில் கிடந்தவனுக்கு வேறு வேலையும் இல்லை. உன்னுடையதற்கு முன்னால் பழையவற்றையும் ஒரு கை பார்த்தேன். நீ ஆறாம் வகுப்பில் படித்தபோது குடவாசல் கடைத்தெருவில் வாங்கிய மஞ்சள் விளையாட்டுக் கருவி உன் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்தது, டிவி ரிமோட்டின் பேட்டரியைக் கழற்றிப் போட்டதும் கீச்சென்று உயிர் பெற்றது. மேலிருந்து கட்டைகள் விழுகின்றன, இடைவெளி இல்லாமல் அடுக்கவேண்டும், நிரம்பிய வரிசை மறைந்துவிடும், நிரம்பாதது மட்டும் மிஞ்சும். முப்பது ஆண்டு கல்லூரியில் பொருளியல் நடத்தியவனுக்கு இந்த விதி புதிதல்ல, ஒழுங்காகச் செய்ததை யாரும் பார்ப்பதில்லை, ஓட்டையாக விட்டதுதான் தலை உயரத்துக்கு ஏறிவந்து நிற்கும். அடுத்துப் பழைய நோக்கியாவில் பாம்பு ஆட்டம். அது தின்னத் தின்ன நீள்கிறது, நீண்டபின் தன் உடம்பிலேயே மோதிச் சாகிறது. இரண்டு கழகங்களின் ஆட்சியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டவன் என்பதால் அதற்குமேல் விளக்கம் எழுதவில்லை. எங்கள் கல்லூரி நூலகர் ஜெக்கரியா மன்னார்குடியிலிருந்து என்னைப் பார்க்க வந்தபோது ஒரு ராஜ்ஜிய ஆட்டத்தை டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தார். வரைபடம் முழுதும் இருட்டு, நம் ஆள் போய் நிற்கும் இடம் மட்டும் வெளிச்சமாகிறது, கொடி நட்டால் அது நம்முடையது. "அந்த இருட்டுக்குள்ள ஒருத்தரும் இல்ல சார், தைரியமா நடுங்க" என்றார். நான்கு நாள் நட்டேன். ஐந்தாம் நாள் வெளிச்சமான இடத்தில் நான்கு கூரை வீடுகளும் அடுப்புப் புகையும் இருந்தன, ஆட்டம் அதற்குக் கொடுத்திருந்த பெயர் 'தடை'. அந்த ஆட்டத்தை நீக்கிவிட்டேன்.

பிறகு உன்னுடைய உழவு ஆட்டம். வண்ணங்கள் அழகு, மாடுகளுக்கு இவ்வளவு நீண்ட இமை நான் கண்டதில்லை. எந்த மாதத்திலும் மடை திறந்தால் தண்ணீர் வருகிறது, மேட்டூர் என்று ஒன்று அந்த உலகத்தில் இல்லை. முற்றிய கதிர் நாம் தொடும்வரை உதிராமல் காத்து நிற்கிறது. ஆவணி மழையில் சாய்ந்த குறுவையை அறுக்க ஆள் தேடிப்போய் வரப்பில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்டவனுக்கு இது பொறாமையாகத்தான் இருந்தது. உன் அம்மா ஒரு நாள் கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆறு வாரமா ஒரு கால தரையில வைக்கல, தெனம் பத்து ஏக்கரு அறுத்துத் தள்ளுறீங்க, எனக்கும் ரெண்டு மூட்ட ஒதுக்கிவைங்க" என்றாள். தமிழைப் பொறுத்தவரை வரப்பு, நாற்றங்கால், களம் எல்லாம் சரியான இடத்தில் இருக்கின்றன, பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் திரையில் காகிதப்பூ தூவி, "வாழ்த்துகள், நீங்கள் பண்ணையார் ஆகிவிட்டீர்கள்" என்று வந்தது. அதை உன் அம்மாவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "மாமா இருந்திருந்தா இந்தப் போன வாய்க்கால்ல வீசியிருப்பாங்க" என்று மட்டும் சொன்னாள். பண்ணையாள் காத்தானின் பேத்தி அந்தச் சொல்லை எந்த மனநிலையில் தேர்ந்தெடுத்தாள் என்று நான் கேட்கவில்லை, மேற்கொண்டு ஆடினேன். ஒவ்வொரு அறுவடைக்கும் "உங்கள் அனுபவம் 20 கூடியது" என்று வந்துகொண்டே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த வட்டாரத்தில் ஒருவனுடைய அனுபவம் இருபது கூடியது என்றால், அடுத்தவன் வரப்பு அந்த அளவு நகர்ந்துவிட்டது என்று பொருள். நிலத்தை எவர் கையில் வைத்து உழுது விளைவிக்கிறாரோ அவர் அனுபவத்தில் அது இருக்கிறது என்பது வருவாய்த்துறையின் தமிழ், உன் தாத்தாவின் தமிழும் அதுவே. இதை உனக்கு எழுதவேண்டும் என்று அன்றே நினைத்தேன், வலியில் தள்ளிப்போட்டேன். அந்தத் தாமதம் என் தவறு.

இனி உன் தவறைச் சொல்கிறேன். அந்த ஒரு ஏக்கர் அரசு ஒப்படைத்தது. நில உச்சவரம்புக்கு மேல் இருந்ததைப் பண்ணையிடமிருந்து எடுத்து, மேடை கட்டி, கொடி கட்டி, ஒலிபெருக்கியில் பெயர் வாசித்து, அந்தப் பண்ணையிலேயே வேலை செய்த காத்தானிடம் பட்டாவைக் கொடுத்தார்கள். ஒப்படை பெற்ற குடும்பத்தின் அனுபவத்தில் நிலம் இல்லாமற்போனால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது நிபந்தனை. பண்ணை வீட்டுப் பேரன் சாமிதுரை இப்போது அதே கொடியைக் காரில் கட்டிக்கொண்டு ஒன்றியத்தில் முக்கியப் புள்ளியாக இருக்கிறான். உரியவள் வெளிநாட்டில் இருக்கிறாள், நிலம் கேட்பாரற்றுக் கிடக்கிறது, கிடங்கு கட்டத் தனக்குக் குத்தகைக்கு வேண்டும் என்று மனுக் கொடுத்தான். விளக்கம் கேட்டு உனக்கு மின்னஞ்சலில் ஒரு படிவம் வந்தது. நீ அதை ரயிலில் நின்றபடியே நிரப்பி அனுப்பிவிட்டு, "சின்ன ஃபார்ம்தான்பா, முடிச்சிட்டேன்" என்று எனக்குத் தகவல் போட்டாய். போன வியாழக்கிழமை விசாரணை. வாடகைக் காரில் போய், ஊன்றுகோலை ஊன்றி, கிராம நிர்வாக அலுவலர் பஞ்சநதத்தின் பக்கத்தில் நின்றேன். அடங்கல் என்ற பயிர்க்கணக்கில் குறுவையும் சம்பாவும் ஆண்டுதோறும் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன, அதை அவரே எடுத்துக் காட்டினார். கலங்காமல் இருந்தேன். அப்போது துணை வட்டாட்சியர் அகிலாண்டம் உன் படிவத்தை எடுத்து நான்காவது பத்தியை வாசித்தார். கேள்வி, மேற்படி நிலத்தில் அனுபவம். உன் பதில், "அனுபவம் இல்லை. கற்றுக்கொள்ள விருப்பம் உண்டு."

அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சாமிதுரை சிரித்து முடித்துவிட்டு, "என்ன வாத்தியாரே, பொண்ணு ஐஸுக்குள்ள ஒக்காந்து நாத்து நட கத்துக்குதா, நம்ம கெடங்குல வேணா வாச்சுமேன் வேல போட்டுத் தரவா" என்றான். அவன் பாட்டனார் உன் தாத்தாவைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, பேரன் வாத்தியாரே என்கிறான், ஐம்பது ஆண்டில் அடைந்த முன்னேற்றம் அது. பஞ்சநதம் என் காதருகே, "நா என்ன சார் பண்றது, பயிரு இருக்குன்னு நா எழுதுறேன், எனக்கு ஒண்ணும் இல்லன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்களே" என்றார். நான் அகிலாண்டத்திடம், என் மகள் அறிந்தது வேறு அனுபவம் என்று விளக்கினேன். அந்த அம்மாள் நல்லவர், சிரிக்காதவரும் அவர் ஒருவர்தான். "எனக்குப் புரியுது சார். ஆனா எனக்குப் புரிஞ்சத ஃபைல்ல வைக்க முடியாதுங்க, அவங்க கையெழுத்துப் போட்டதுதான் ஃபைல்ல இருக்கு" என்று சொல்லி, தூதரகச் சான்றுடன் நீ திருத்திக் கொடுக்க நவம்பர் 27 வரை அவகாசம் கொடுத்தார்.

அன்று மாலை உன்னிடம் பேசியபோது நீயும் சிரித்தாய். வேலைக்கு விண்ணப்பிக்கும் படிவத்தைப்போலவே இருந்தது என்றாய், அதை நான் பொறுத்துக்கொண்டேன், சொல் தெரியாமல் போவது யாருக்கும் நேரும். அதன்பின், "விடுங்கப்பா, அந்த ஒரு ஏக்கர் போனாப் போவுது, ஒங்க ரெண்டு பேரையும் நான் பாத்துக்கறேன்" என்றாய். போனை வைத்துவிட்டேன், ஐந்து நாளாக எடுக்கவில்லை. இளவேனில், காத்தானிடமும் பண்ணை அதையேதான் சொல்லிவந்தது, "ஒன்ன நாங்க பாத்துக்குறோம்டா." மழைக்காலத்தில் கஞ்சி ஊற்றினார்கள், பொங்கலுக்கு வேட்டி கொடுத்தார்கள், பார்த்துக்கொள்ளத்தான் செய்தார்கள். எவரும் பார்த்துக்கொள்ளவேண்டிய நிலையில் நாங்கள் இல்லை என்பதற்குச் சான்று அந்த ஒரு ஏக்கர்தான், என் எம்.ஏ. பட்டம்கூட அதற்குப் பிறகு வந்தது. உன் அன்பை நான் சந்தேகிக்கவில்லை, அது அந்த வாக்கியத்தில் வந்து அமர்ந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. வாழ்க்கை உன் ஆட்டத்தைப்போல மறு வாய்ப்புத் தராது என்றும் உபதேசிக்கப்போவதில்லை. வருவாய்த்துறை தரும், அதற்கு மேல்முறையீடு என்று பெயர், ஒவ்வொரு முறையும் முதல் கட்டத்திலிருந்து ஆடவேண்டும். எனக்கு ஐம்பத்தேழு வயதாகிறது, களைத்துவிட்டேன்.

இதனுடன் உள்ள தாள்கள் இரண்டையும் நானே தட்டச்சு செய்தேன். முதலாவது உறுதிமொழி. மேற்படி நிலம் என் அனுபவத்தில் இருக்கிறது, என் பொருட்டு என் பெற்றோர் அதில் நேரடியாகச் சாகுபடி செய்துவருகிறார்கள், முந்தைய பதில் சொல்லின் பொருள் அறியாமல் எழுதப்பட்டது என்று அதில் இருக்கிறது. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. இரண்டாவது, நிலத்தை அரசிடம் திரும்ப ஒப்படைக்கும் கடிதம். போனாப் போகட்டும் என்று நீ உண்மையாகவே நினைத்தால் அதில் கையெழுத்திடு. தாத்தா உன்னை நம்பி எழுதினார், முடிவெடுக்கும் உரிமை உன்னுடையது, நான் தடுக்கமாட்டேன். ஆனால் அந்த நிலம் உன் முடிவால் போகட்டும், உன் அகராதியால் போகவேண்டாம். இரண்டில் எது வந்தாலும் 27ஆம் தேதி காலையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.

வெளியே போகும்போது காதை மூடிக்கொள், இரவில் தயிர் வேண்டாம், வாரத்தில் ஒரு நாளாவது சோறு வடித்துச் சாப்பிடு. நீ நீண்ட ஆயுளோடும் தெளிந்த அறிவோடும் எவர் தயவுக்கும் நிற்காத வாழ்வோடும் இருக்க எங்கள் இருவரின் ஆசியும் உண்டு. தூதரகத்தில் முன்கூட்டியே நேரம் வாங்கவேண்டுமாம், இதைப் படித்த அன்றே வாங்கிவிடு. ஒன்றைமட்டும் கவனித்துக்கொள். இரண்டாவது தாளில் ஒப்படைக்கும் தேதிக்கான இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். அதில் கையெழுத்திடுவதானால், தை மாதம் கழிந்து ஒரு தேதியைப் போடு. இப்போது அந்த வயலில் நிற்கும் சம்பாவை உன் அம்மா ஆறு பெண்களோடு சேற்றில் இறங்கித் தன் கையால் நட்டாள். அதை அவள் அறுத்து எடுத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கா. செல்லதுரை