அப்பா கையில் கொடுத்த ஓட்டு

ராட்டர்டாம்
2 ஜூன் 2016

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. உங்களுக்கோ பாதி காதில் விழவில்லை. அதனால்தான் கடிதம்.

எனக்குப் பதிலாக நீங்கள் ஓட்டுப் போட அனுமதிச் சீட்டு இந்த வாரம் கிரிம்ஸ்பிக்கு வந்துவிடும். உங்கள் ஓட்டை உங்கள் இஷ்டப்படி போடுங்கள். மீன் சந்தையில் நாற்பது வருடம் கத்தி பிடித்தவருக்கு நான் யோசனை சொல்ல முடியுமா? ஆனால் என் ஓட்டு, நம் நாடு ஐரோப்பிய ஒன்றியத்திலேயே தொடர வேண்டும் என்ற கட்டத்துக்கு. என் வேலை இங்கே. கிழவியாகப் போவதும் இங்கேதான். இருபத்தாறு வயதில் பென்ஷன் கவலையா என்று சிரிக்காதீர்கள். அங்கே வேலை பார்த்த வருடமும் இங்கே பார்க்கும் வருடமும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் எனக்கு உருப்படியாக ஏதாவது வரும்.

கீழ்த்தளத்தில் அறையுள்ள வீடாகத் தேடுகிறேன். உங்கள் முழங்காலுக்கு மாடி ஆகாது. அங்கே தனியாக எத்தனை நாள் இருப்பீர்கள்?

அன்புடன்,
ரொவீனா


கிரிம்ஸ்பி
24 ஜூன் 2016

அன்பு மகள் ரொவீனாவுக்கு,

நேற்று ஓட்டுப் போட்டாயிற்று, இரண்டையும். சர்ச் கூடத்தில் வரிசை வாசல் வரை நின்றது. சீட்டுக் கொடுத்த பெண், "உங்களுக்கு மட்டும் ரெண்டா? பெரிய ஆளுதான் போங்க" என்றாள். என் சந்தைக் கூட்டாளி வில்ஃப் சட்டைப்பையில் பேனாவோடு வந்திருந்தான். "பென்சில்ல போட்டா அழிச்சிருவானுங்கடா, இந்தா பிடி" என்று எனக்கும் இரவல் கொடுத்தான்.

வெளியேறுவது என்ற முடிவு உனக்குத் தெரிந்திருக்கும். டீக்கடையில் ஒரே கொண்டாட்டம். எல்லாம் என் வயசுக்காரர்கள். "வெளிய வந்தா பென்ஷன் போயிரும்னு பயமுறுத்துனாங்கள்ல? போகட்டும்பா. நம்ம பென்ஷன்தானே, நாம தாங்கிக்குவோம்" என்றான் வில்ஃப். என் பங்குக் கேக்கைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அங்கே மழையா? குடையை ரயிலில் விட்டுவிடாதே.

உன் அப்பா


ராட்டர்டாம்
9 அக்டோபர் 2020

அன்புள்ள அப்பாவுக்கு,

இது மூன்றாவது கடிதம். பக்கத்து வீட்டுப் பூனைக்குக் குட்டி பிறந்ததையெல்லாம் எழுதுகிறீர்கள். கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை.

வெளியேற்றத்துக்குக் கொடுத்த அவகாசம் முடியும் டிசம்பர் 31-க்குள் இங்கே வந்து பதிவு செய்துவிட்டால் நீங்கள் என்னோடு காலம் முழுக்க இருக்கலாம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றையும் நிரூபித்து, ஒவ்வொரு அலுவலக ஜன்னலிலும் கெஞ்ச வேண்டும். கீழறைக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. கட்டிலும் வந்துவிட்டது. என்னோடு வாழும் டிர்க் தினமும் "உங்கப்பா எப்ப வர்றார்?" என்கிறான். அவனிடம் என்ன சொல்வது?

நீங்கள் வெளியேறத்தான் ஓட்டுப் போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு அங்கேயே கிடக்காதீர்கள். அது உங்கள் ஓட்டு. நான் சண்டை போட மாட்டேன்.

ரொவீனா


கிரிம்ஸ்பி
20 நவம்பர் 2020

அன்பு மகளுக்கு,

இரண்டு தடவை பெட்டியைக் கட்டிப் பிரித்துவிட்டேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் துறைமுகம் வரை நடந்துவிட்டுத் திரும்புகிறேன். சொல்லாமல் உன் வீட்டு அறையில் என்னால் படுக்க முடியாது.

அன்றைக்கு ஓட்டுச் சாவடியில் கட்டியிருந்த பென்சிலால் என் சீட்டில் வெளியேற வேண்டும் என்று போட்டேன். பிறகு உன் சீட்டை எடுத்தேன். நீ சொன்னபடி போட்டால் என் ஓட்டை நானே அழித்த மாதிரி ஆகும் என்று தோன்றியது. அது மட்டும் இல்லை. வெளியேறிவிட்டால் நீ வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். உன் அம்மா போனபின் இந்த வீட்டில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை, ரொவீனா. உன் சீட்டிலும் அதே கட்டத்தில் போட்டேன். வில்ஃபின் பேனாவால் போட்டேன்.

எங்கள் பென்ஷனைப் பணயம் வைக்கிறோம், துணிச்சல்காரர்கள் என்று நாங்கள் மார்தட்டிக்கொண்டோம். அது வருடா வருடம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. பணயம் வைத்தது உன்னுடையதை.

இனி நீ வா என்றால் வருகிறேன். பெட்டியை மறுபடி கட்டி, பிரிக்காமல் வைத்திருக்கிறேன்.

அப்பா


கிரிம்ஸ்பி
3 ஜூன் 2024

அன்பு மகள் ரொவீனாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பும் வாழ்த்து அட்டைகளை, மூன்று வருடத்து அட்டைகளையும், அலமாரியில் வரிசையாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் உன் பெயர் மட்டும் இருக்கிறது. அதுவே போதும்.

அடுத்த மாதம் தேர்தல். நீ கேட்கவில்லை, ஆனாலும் அந்தப் படிவத்தை நானே வாங்கி, பதிலாளாக என் பெயரை எழுதி, இதோடு வைத்திருக்கிறேன். நீ கையெழுத்துப் போட்டால் போதும். யாருக்கு என்று சொல், அவருக்கே போடுகிறேன். அந்த ஆளை எனக்கு அறவே பிடிக்காவிட்டாலும் போடுகிறேன். வில்ஃப் இறந்துவிட்டான். ஏன் அப்படிப் போட்டாய் என்று கேட்க அவனும் இல்லை.

ஏப்ரலில் பென்ஷன் மறுபடி ஏறியது. கப்பல் டிக்கெட்டுக்குத் தாராளமாகக் காணும்.

உன் அப்பா


ராட்டர்டாம்
14 ஜூன் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். எனக்கு அங்கே ஓட்டு இல்லை. போன மார்ச்சில் இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டேன். பழையதை விட்டுக்கொடுத்தால்தான் புதியது கிடைக்கும் என்றார்கள். கையெழுத்துப் போடும்போது உங்களை நினைத்துக்கொண்டேன். கோபமாகத்தான் நினைத்தேன். வெளியே வந்து அழுதேன்.

பெட்டி கட்டியதாக நீங்கள் எழுதியபோதே "வாங்க" என்று எழுதியிருக்கலாம். டிசம்பர் 31 வரை தினமும் காகிதத்தை எடுத்தேன், வைத்தேன். எழுத வரவில்லை. நீங்கள் செய்தது உங்களிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வில்ஃப் மாமா போனது வருத்தமாக இருக்கிறது. பென்ஷன் ஏறியதில் சந்தோஷம், அப்பா. நன்றாகச் சாப்பிடுங்கள்.

கீழறையில் இப்போது சைக்கிள்கள் நிற்கின்றன. வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள், எடுத்து வைக்கிறோம். விசா இல்லாமல் தொண்ணூறு நாள் வரை இருக்கலாம்.

ரொவீனா