உச்சியில் ஒரு கட்டி கற்பூரம்

ஒலக்கூர்
4.3.2024

அன்பு மகள் கலைப்பிரியாவுக்கு,

நானும் உன் அம்மாவும் நலம். உன் நலம் தெரியவில்லை.

போன வாரமே உனக்கு ஒரு கடிதம் போட்டேன். பெறுநர் இடத்தில் என் விலாசத்தையே எழுதித் தொலைத்திருக்கிறேன். மூன்றாம் நாள் தபால்காரர் சவுரிராயன் வந்து நீட்டியதும், "அந்தமான்லேர்ந்து பொண்ணு எழுதியிருக்குது" என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுப் பிரித்தேன். உள்ளே என் கோழிக் கிறுக்கல். உன் அம்மா இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாய். அப்படி என்ன செய்துவிட்டேன்? அந்தமானிலேயே உயரமான மலை, அதுவும் என் மகள் வனக்காவலராக இருக்கிற மலை. இந்த வயதில் சாடில் பீக் உச்சி வரைக்கும் ஏறினவன் கற்பூரம் காட்டாமல் இறங்குவானா? நம் பனமலைக் கோயிலில் வருஷா வருஷம் காட்டுகிறோமே. நாலு சருகு பற்றிக்கொண்டது, அவ்வளவுதானே. இறங்கின எனக்குக் கால் நகம் இரண்டு கழன்றுவிட்டது. ஒரு வார்த்தை கேட்டாயா?

அன்புடன்,
அப்பா தாண்டவராயன்

டிக்லிபூர்
15.3.2024

அப்பாவுக்கு,

நாலு சருகு இல்லை. நான் சட்டையைக் கழற்றி அடித்து அணைத்த இடம் நம் நெற்களத்தில் பாதி இருக்கும்.

செக்போஸ்டில் நானே கேட்டேன், தீப்பெட்டி இருக்கிறதா என்று. "பீடிய வுட்டே வருஷமாச்சும்மா" என்றீர்கள். டிராயர் பாக்கெட்டில் கற்பூரமும் தீப்பெட்டியும். அப்பா என்று சோதனை போடாமல் விட்டேன். அது என் தப்பு.

உச்சிக்கு ரேஞ்சர் வந்து யார் கொளுத்தியது என்று கேட்டார். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கடலைப் பார்த்தீர்கள். உங்கள் மேல் கேஸ் விழுமே என்று, டீ போட நான்தான் மூட்டினேன் என்றேன்.

ஏப்ரல் 22 விசாரணை. என் தகுதிகாண் பருவம் முடியவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கொளுத்தியது நீங்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். பொய் சொன்னதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

கலைப்பிரியா

ஒலக்கூர்
22.3.2024

மகளுக்கு,

வெறும் "அப்பாவுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாய். அன்பு வருகிற வழியில் கப்பலிலிருந்து விழுந்துவிட்டதா?

ரேஞ்சர் கேட்டது இந்தியில். எனக்கு என்ன தெரியும்? ஏதோ வழி கேட்கிறார் என்று நினைத்தேன். உன்னை யார் முந்திக்கொண்டு சொல்லச் சொன்னது? ஊரில் கடல் நடுவே கற்பூரம் காட்டினவன் என்று மெச்சிக்கொண்டிருக்கிறார்கள். நான் போய்க் காட்டைக் கொளுத்தினவன் என்று எழுதிக் கொடுப்பதா?

வேலை போனால் போகட்டும், வா. இங்கே கொல்லையில் மல்லாட்டைச் செடி பிடுங்க ஆள் கிடைக்கவில்லை.

அப்பா

டிக்லிபூர்
30.3.2024

அப்பாவுக்கு,

நாக்பூருக்கு ஒன்பது வருஷம் லாரி ஓட்டியது யார்? பள்ளி லீவில் என்னையும் கூட்டிப்போய், டாபாக்காரனோடு இந்தியில் சண்டை போட்டு எனக்குச் சூடாக ரொட்டி வாங்கித் தந்தது யார்?

இனி கடிதம் வேண்டாம். உறையில் கையெழுத்துப் போட்ட தாள் இருந்தால் பிரிப்பேன். இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவேன்.

கலைப்பிரியா

ஒலக்கூர்
6.4.2024

கலைப்பிரியாவுக்கு,

தாளைத் தனியே மடித்து மேலே வைத்திருக்கிறேன். முதலில் அதை எடுத்துக்கொள். விழுப்புரத்தில் டைப் அடிக்கிற பிரபாவதி அம்மாவிடம் இங்கிலீஷில் அடித்து வாங்கினேன். "படிச்சிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க, உங்க மேல கேஸ் வரும்" என்றார். "வரட்டும்மா" என்று போட்டுவிட்டேன். விலாசத்தை மூன்று பேரிடம் காட்டிச் சரிபார்த்தாயிற்று.

உன் கடைசிக் கடிதத்தை உன் அம்மா சத்தமாகப் படித்தாள். டாபா ரொட்டி வந்ததும் நிறுத்தினாள். கடிதத்தை என் கையில் திணித்துவிட்டு எழுந்து போனாள்.

தெருவில் மெச்சினவர்களிடமும் சொல்லிவிட்டேன். இப்போது யாரும் மெச்சுவதில்லை. மலையேறி என்றவர்கள் கொள்ளி என்கிறார்கள். எனக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நீ இதற்குப் பதில் போட வேண்டாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள். ரேஞ்சர் கேட்டது எனக்கு முழுசாகப் புரிந்தது. நீ திரும்பி என் முகத்தைப் பார்த்து, எவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்பதும் தெரியும். பதில் நாக்கு நுனியில் இருந்தது. சொல்லியிருந்தால் மூன்றே வார்த்தை:

"மைனே ஜலாயா, சாப்." நான்தான் கொளுத்தினேன், ஐயா.

தாண்டவராயன்