மூன்றாவது பெடல்

என்னங்க,

டிரைவர் சீட்டில் வைத்தால்தான் உங்கள் கண்ணில் படும் என்று இதை இங்கே வைக்கிறேன்.

எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. படகு மாதிரி இருக்கும் உங்கள் பழைய காரில் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கழற்றிவிட்டு, கையால் மாற்றும் கியர் வைக்க ஒரு பெண் மெக்கானிக் வருகிறாள். வரட்டும். வேலை தெரிந்தவள். நாம் ஒட்டி உட்கார்ந்து போன நீளச் சீட்டைத் தூக்கிவிட்டு, நடுவில் கியர் கம்பியை நட்டுவிட்டாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் நேற்று கிளட்ச் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தீர்களே, அது சமையலறை ஜன்னல் வரைக்கும் கேட்டது. நீங்கள் காருக்கு அடியில் திருகைத் திறந்து மூட, அவள் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க, உங்கள் குரல்:

"அழுத்து... பிடி... விடு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து பிரேக்கில் காற்று எடுக்க என்னைத்தானே கூப்பிடுவீர்கள்? மாவுக் கையோடு ஓடி வந்து மிதித்திருக்கிறேனே! ஒரு நாளாவது "கெட்டிக்காரி" என்றிருப்பீர்களா? அவளிடம் மட்டும் வாய் நிறைய, "அடடா, கெட்டிக்காரிம்மா நீ!"

இன்று காலையில், பிரேக்குக்குப் பக்கத்தில் புதிதாக முளைத்த அந்த மூன்றாவது பெடலை, அந்தக் கிளட்சை, நானே மிதித்துப் பார்த்தேன். பஞ்சு மாதிரி அமுங்குகிறது. உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. உங்கள் கெட்டிக்காரி அதைக் கவனிக்கவில்லை.

சாயங்காலம் கூப்பிடுங்கள், வருகிறேன். அழுத்துவேன், பிடிப்பேன். ஆனால் அந்த ஒரு சொல் காருக்கு அடியிலிருந்து என் காதில் விழும் வரை, நீங்கள் எத்தனை தடவை "விடு" என்று கத்தினாலும் காலை எடுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பெடல்காரி