பௌதிகமும் பதினொரு தேங்காயும்

5, செவ்வாய். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று. வெயில் சுடுகிறது.

ஆழ்ந்த துயரத்துடன் அறியத்தருவது: வேலியில் காய்ந்துகொண்டிருந்த எனது இடது காலுறை இன்று காலை ஊருக்குள் திரியும் மான்களில் ஒன்றால் விழுங்கப்பட்டு அமரத்துவம் அடைந்தது. வலது காலுறை தனிமையில் வாடுகிறது. உற்றார் உறவினர் இவ்வறிவித்தலை ஏற்றுக்கொள்ளவும்.

மற்றச் செய்தி: அக்காவுக்கு இன்றும் பதில் இல்லை. நோர்வேயில் பௌதிக ஆராய்ச்சிப் படிப்பு. இருப்பது ஒரே ஓர் இடம். நேர்முகம் முடிந்து மூன்று கிழமை. இதற்குள் ஆசிரியர் நியமனக் கடிதம் வந்துவிட்டது. புல்மோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். திங்கட்கிழமை போய்க் கையெழுத்து வைக்காவிட்டால் நியமனம் போய்விடும்.

அம்மா: "கவுண்மேந்து வேலை, பிள்ளை. பென்சன் இருக்கு. இதை விட்டிட்டு அந்தப் பனிக்குள்ள என்னத்தைத் தேடப் போறாய்?"

"நியூட்ரினோ."

"அதை இஞ்ச தேட ஏலாதோ?"

அக்கா போகாமல் நின்றால் பிள்ளையாருக்குப் பதினொரு தேங்காய் அடிப்பதாக அம்மா நேர்த்தி வைத்திருக்கிறார். விழுந்து விழுந்து சிரித்தேன். வருங்கால விஞ்ஞானியாகிய நான் இத்தால் பதிவு செய்வது: நான் நேர்த்தி வைக்கிற ஆள் இல்லை. இயற்கை விதி இலஞ்சம் வாங்காது.

7, வியாழன். காற்று விழுந்துவிட்டது.

பின்னேரம் அக்காவும் நானும் உள்துறைமுகக் கரையில். தண்ணீர் எண்ணெய் மாதிரி அசையாமல். சீமெந்து ஏற்றிவந்த ஒரு கப்பல், அதுவும் யோசனையில். சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டது. புல்லில் மல்லாந்து படுத்தோம்.

"இப்பவும் சூரியனில இருந்து நியூட்ரினோத் துகள் வந்துகொண்டிருக்கு," என்றார் அக்கா. "சூரியன் கீழ போகப் போக அதுவும் சரிஞ்சு சரிஞ்சு, மண்ணுக்குள்ளால வந்து உன்ர முதுகால ஏறும்."

முதுகு கூசியது. கோடி கோடியாய், ஒன்றையும் தொடாமல், யாரிடமும் வழி கேட்காமல். கொஞ்ச நேரம் நான் வெறும் வலை. ஓட்டைகள்தான் அதிகம்.

"படிப்பு முடிய?"

"படிப்பு நாலு வருசம். அது முடிய ஒரு நாட்டில வேலை, ரெண்டு வருசம். பிறகு இன்னொரு நாட்டில ரெண்டு. பெட்டி கட்டுறதுதான் வேலை."

"பிறகாவது நிரந்தரமா?"

"கனபேருக்கு இல்லை."

"அப்ப ஏன் போறியள்?"

"கம்பஸ் லாப்பில ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் திரையில ஒரு கோடு எழும்பினது. சின்னக் கோடு. அந்த நேரம் உலகத்தில அது எனக்கு மட்டும்தான் தெரியும். அது காணுமடா, வேற ஒண்டும் வேண்டாம்."

8, வெள்ளி. புழுக்கம்.

செய்தவை: புதிய காலுறை (இல்லை). முடி வெட்டு (இல்லை). பகிடி (ஒன்று).

"அக்கா! மெயில் வந்திட்டுது!" என்று கத்தினேன். தலையில் ஷாம்பு நுரையோடு ஓடி வந்தார். பார்த்தார். சிரிக்கவில்லை. அடிக்கவுமில்லை. அடித்திருக்கலாம்.

9, சனி.

உண்மையாகவே வந்தது. அக்கா இரண்டாவது ஆளாம். "மிகவும் தகுதி வாய்ந்தவர்" என்றும் எழுதியிருக்கிறார்கள். இருப்பது ஓர் இடமென்றால் இரண்டாவது ஆள் எங்கே நிற்பது?

அம்மா சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். குசினிக்குள் போய் அழுதார். "அறுவாங்கள். என்ர பிள்ளையை விட ஆர் கெட்டிக்காரியாம்?"

10, ஞாயிறு. மழைக்கோலம், மழை இல்லை.

நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு உடுக்கச் சேலை. அக்காவுக்குக் கொய்யகம் பிடிக்கத் தெரியாது. அம்மா முழங்காலில் நின்று மடிப்பு மடிப்பாய் எடுத்து ஊசி குத்தினார்.

பிறகு அம்மா என்னை மெதுவாகக் கூப்பிட்டார். "அக்காவுக்குச் சொல்லாத. கேட்டதைத் தந்த சாமி. குடுக்காம இருக்க ஏலாது." கையில் உரப்பை, உள்ளே பதினொரு தேங்காய்.

போனேன். பிள்ளையார் கோயில் வாசலில் அடித்தேன். ஐயர் எட்டிப் பார்த்தார். "தம்பி, எத்தினை?"

"பன்னிரண்டு, ஐயா."

பன்னிரண்டாவது என்னுடையது. செவ்வாய்க்கிழமை அம்மாவைப் பார்த்துச் சிரித்துவிட்டு நேரே அங்கேதான் போனேன். அக்கா போகக் கூடாது என்று நானும் கேட்டேன்.