சுருதி சேர்ந்த குற்றம்

4 மார்ச் 1968
லாட்ப்ரோக் குரோவ் நிலவறையில் எங்கள் மூவர் இசைக்குழுவின் ஒத்திகை. ரூஃபஸ் பாடினான் - அதாவது, அரசாங்கத்தைத் திட்டினான். டெஸ்மண்ட் தன் போக்கில் டிரம்ஸ் அடித்தான். நான் பேஸ் கிட்டாரில் தெரிந்த இரண்டே சுரங்களைப் போட்டுத் தேய்த்தேன். ‘லண்டனிலேயே மோசமான பேஸ்காரன்’ என்று ஒரு பத்திரிகை என்னைப் பற்றி எழுதியிருக்கிறது. என்னை விலக்கிவிட்டால்? ஸ்விண்டனில் அப்பாவின் இறைச்சிக் கடைதான். ஐயோ.

7 மார்ச்
தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் மிஸ் பார்ஜெட்டரிடம் ரகசியமாகப் பாடம் தொடங்கினேன்.

20 ஏப்ரல்
கச்சேரி. வழக்கமாக இரண்டாம் பாட்டிலேயே மேடைக்குப் பீர் பாட்டில் பறந்து வரும். இன்று சுவரெல்லாம் புரொஜெக்டர் வீசிய வண்ண எண்ணெய்க் குமிழ் வெளிச்சம். முந்நூறு பேர் கண்ணை மூடித் தரையில் படுத்துப் புன்னகைத்தார்கள்! எனக்குப் பெருமை தாங்கவில்லை. இறங்கியதும் ரூஃபஸ் என் சட்டையைப் பிடித்தான்.

“என்னடா பண்ணே? ஒருத்தன்கூட நம்மளத் திட்டலையே!”

“சுருதி சேர்த்தேன்...”

“துரோகி!”

“எனக்கே தாளம் புரிஞ்சுதுடா. பயந்துட்டேன்” என்றான் டெஸ்மண்ட்.

21 ஏப்ரல்
நாங்கள் மூவரும் சேர்ந்திருக்கும் வீட்டில் பாத்திரம் கழுவுவது வரை எல்லாவற்றுக்கும் ஓட்டெடுப்புதான். என்னைக் குழுவிலிருந்து விலக்கவும் அதேதான். மூன்று கைகள் உயர்ந்தன. பழக்கதோஷம், மூன்றாவது என்னுடையது.

29 ஏப்ரல்
சவுத்எண்ட் கடற்கரை ஓட்டல் நடனக்குழுவுக்கு வாசித்துக் காட்டினேன். பதில் எழுதுவார்களாம். மனசே இல்லை.

6 மே
ரூஃபஸ் என் அறைக்கு வந்தான். முகம் வாடியிருந்தது.

“உன் இடத்துக்கு நாலு பேரப் பாத்துட்டோம் மெர்வின். நாலு பேருமே நல்லா வாசிக்கிறானுங்கடா. நாடு எங்க போகுதுன்னே தெரியல.” தயங்கினான். “கத்துக்கிட்டத மறக்க முடியுமா உன்னால?”

11 மே
மறக்க முடியவில்லை. பாழாய்ப்போன விரல்கள் தானாகச் சரியான இடத்துக்கே போகின்றன.

18 மே
கட்டி முடியாத மேம்பாலத்தடியில், லாரி மேல் இலவசக் கச்சேரி. கம்பிகளைத் தொளதொளவென்று தளர்த்தி, கையில் கம்பளி உறையும் மாட்டிக்கொண்டு மறுபடி குழுவோடு ஏறினேன். இரண்டாம் பாட்டின்போதே ஒரு பீர் டப்பா பறந்து வந்து என் நெற்றியைப் பிளந்தது. ரூஃபஸ் பாட்டை நிறுத்திவிட்டு, ரத்தத்தோடு என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும்தான்.

20 மே
நெற்றியில் மூன்று தையல். சவுத்எண்டிலிருந்து கடிதம்: தேர்வாகிவிட்டேனாம். கோட்டு, டை, தங்குவதற்கு அறை, காலையில் முட்டையும் பன்றிக்கறியும்.

உடனே பதில் எழுதிப் போட்டேன்: ‘மன்னிக்கவும். எனக்கு வாசிக்கத் தெரியாது.’