கொப்பு கழிக்காத நாலு மரம்

பிப்ரவரி 18, 2025, செவ்வாய்

மகள் பவாவுக்குக் கடைவாய்ப்பல் முளைக்கிறது. என் தோளெல்லாம் எச்சில். அவளை ஒரு கையில் இடுக்கிக்கொண்டே கட்டுரையின் கடைசி வரைபடத்தை முடித்தேன்.

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில், நான்கு நிழல் மரங்களில், இட்லித் தட்டு அடுக்கு மாதிரி உறைக்குள் நான் கட்டிவிட்டு வந்த வெப்பமானிகள். முப்பது மாதப் பதிவு. கீழே போடியில் கோடு ஏறுகிறது. மேலே ஏறவில்லை. நிழலுக்குள் மலை குளிர்ந்தே கிடக்கிறது.

அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடுபனிக்குள் யாரோ அவசரமில்லாமல் நடந்து போவது மாதிரி. பவா பெரியவளாகும்போது ஓடிப் போய் நிற்க ஓரிடம் மிச்சம் இருக்கும். காலநிலை விஞ்ஞானி இப்படி எழுதலாமா? இங்கே எழுதலாம்.

பிப்ரவரி 27

மார்ச் 24-இல் நேர்முகத் தேர்வு. ஆறு வருடத் தற்காலிகத்துக்குப் பிறகு, நிரந்தர வேலை. "உங்க ஏலமலைக் கட்டுரையைத்தான் கேப்பாங்க கலா" என்றார் எங்கள் ஆய்வுக் குழுவின் தலைவரான மேடம்.

மார்ச் 2

கனவு. பவா ஏலச்செடிகளுக்குள் போய்க்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் அவள் திரும்பவில்லை, பனி திரும்பிப் பார்க்கிறது. பயமாகவே இல்லை. விழித்த பிறகுதான் பயம்.

மார்ச் 8, சனி

கட்டுரைக்குப் புகைப்படம் எடுக்க மலைக்குப் போனேன். இரண்டு வருடம் கழித்து. பவா வயிற்றில் இருந்தபோது ஜீப்பில் ஏறக் கூடாது என்றார் டாக்டர். பிறந்தபின் அவளை விட்டுப் போக மனம் வரவில்லை. ஜீப் ஓட்டும் சுருளி அண்ணன்தான் மாதாமாதம் பதிவுகளை எடுத்து வந்து கொடுத்தார்.

சரிவில் மரங்களெல்லாம் கிளை வெட்டுப்பட்டு ஒல்லியாக, வெயில் சல்லடையாக விழுந்தது. நடுவே நாலு மட்டும் குடை விரித்தாற்போல் கருகருவென்று. என் நாலு.

சிலமலையிலிருந்து வேலைக்கு வரும் மொக்கம்மாள் அக்கா செடியில் சருகு உரித்துக்கொண்டிருந்தார்.

"இந்த நாலுல மட்டும் ஏன்க்கா கொப்பு கழிக்கல?"

"நீதான ஆத்தா பத்திரமாப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டுப் போன. மழைக்கு முன்னால எல்லா மரத்துலயும் கொப்பு கழிக்க ஆளு வந்தாக. ரெண்டு வருசமும் நான்தான் மறிச்சேன். டீச்சரம்மா இட்லிச் சட்டி தொங்குது, அருவாளோட கிட்ட வந்த, கைய ஒடிச்சிருவேன்னேன்." சிரித்தார். "சும்மா சொல்லக் கூடாது, உன் மரத்தடிதான் குளுகுளுன்னு இருக்கு. கஞ்சி குடிக்க அங்கதான் அம்புட்டுப் பேரும்."

நானும் சிரித்தேன். ஜீப்பில் மலை இறங்கும்போதுதான் உறைத்தது.

முப்பது மாதமாக நாலு மரத்தடியை அளந்துவிட்டு மலை என்று எழுதியிருக்கிறேன். கொப்பு கழித்த சரிவில் எவ்வளவு சூடு? தெரியாது. ஒரு தடவ ஏறிப் பாத்திருந்தா... பிள்ளையத் தூக்கிட்டாவது போயிருக்கலாமே. என்னத்தப் பத்திரமாப் பாத்துக்கச் சொன்னேன் நான்?

மார்ச் 11

யாருக்கும் தெரியாது. கோடு அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 12

கணவர் பிரபுவிடம் சொன்னேன்.

"சொன்னா வேலை?"

"கிடைக்காது."

"சொல்லலைன்னா?"

"கிடைக்கலாம்."

பவாவின் சட்டைகளை மடித்துக்கொண்டே இருந்தார். "பிள்ளைக்கு மேல் சுட்டா அஞ்சு தடவ தெர்மாமீட்டர் வச்சுப் பாக்குறவ நீ. குறைச்சுக் காட்டுற தெர்மாமீட்டர வீட்டுல வச்சுக்கிட்டு நீ எங்க தூங்கப் போற?"

மார்ச் 13

மேடத்திடம் சொல்லிவிட்டேன். கட்டுரையைத் திறந்து கடைசிப் பகுதிவரை புரட்டினார்.

"கடைசிப் பகுதிய மட்டும் எடுத்துட்டா மீதி நிக்குமா கலா?"

"நிக்காது மேடம்."

"அப்ப கட்டுரைய நிறுத்திருவோம்."

மார்ச் 24

"இரண்டு வருஷம் நேரில் போய்ப் பார்க்கவே இல்லையா?" என்று கேட்டார் தேர்வுக் குழுத் தலைவர்.

"இல்லை சார்."

குழந்தை என்று சொல்ல வாயெடுத்து, சொல்லவில்லை.

ஏப்ரல் 3

இல்லை. வேலை வேறொருவருக்கு. என் தற்காலிகம் இன்னும் ஒரு வருடம் நீளுமாம்.

ஏப்ரல் 19

பவாவோடு ஏறினேன். கொப்பு கழிக்கப்போகும் மரங்களில் புதிதாக நாலு வெப்பமானிப் பெட்டி. "எப்பவும்போல வெட்டுங்க, என் பெட்டிய மறந்துருங்க" என்று ஆள் ஆளாகச் சொன்னேன்.

மெட்டில் பனி ஜீப்புக்குள்ளேயே வந்துவிட்டது. பவா வாயைத் திறந்து திறந்து மூடினாள். "ஏத்தா, பனியவா திங்கிற?" என்றார் சுருளி அண்ணன். வீடு வரும்வரை உதடு ஈரமாகவே இருந்தது.

மே 14, புதன்

கழித்து முடித்துவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு, கழிக்காத பழைய மரத்தடியில் 25.2 டிகிரி. கழித்த புதியதில் 29.6.

நினைத்ததைவிட அதிகம். அப்படியே நின்றேன். பவா காலடியில் சருகை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன, சட்டி என்ன சொல்லுது?" என்று வந்தார் மொக்கம்மாள் அக்கா. சொன்னேன்.

"இதுக்கா இம்புட்டுப் பாடு? இந்தச் சூட்டுலதான நாங்க நாள் முழுக்கக் குனிஞ்சு கெடக்கோம். முன்னெல்லாம் கொப்பு கழிச்ச அன்னைக்கும் சேலைய இழுத்துப் போத்திக்கிட்டுத்தான் நிப்போம். ஒரு வார்த்த எங்கள்ட்டக் கேக்கல நீ."

"எந்த வருசத்துல இருந்துக்கா இப்படி?"

"இரு, யோசிச்சுச் சொல்றேன்." பவாவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "இவ வயசுல எம் மூத்தவன இங்கதான் சேலையில தொட்டி கட்டிப் போட்டிருந்தேன். அப்ப அவனுக்குக் குல்லா இல்லாமத் தீராது. எழுதிக்கிறியா?"

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன்.